குந்திப் பார்த்து வீடு பிடித்த கலீல் பாய்

செய்தி வந்தபோது நான் ஒரு பெஞ்சில் மாட்டிக்கொண்டிருந்தேன். மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு அது. கம்பெனி கேன்டீன் வளர்த்த என் வயிறு உள்ளே போய்விட்டது. வெளியே வர மறுத்தது. டீச்சர் இங்கிலீஷில் கேட்டதற்கெல்லாம் நான் "எஸ் மேம்" போட்டுக்கொண்டிருந்தேன். 'வீட்டில் எந்நேரமும் போன்தான் பார்க்கிறாளா?' என்பதும் அதில் ஒரு கேள்வி என்று, என் மனைவி செல்வி தொடையில் கிள்ளிய பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து என் போன் அலறியது. ஆட்டோ ஸ்டாண்டு முருகன்.

"அண்ணே, கலீல் பாய் போயிட்டாருண்ணே. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குள்ளகூட போவல, அவ்ளோதான்."

அதற்கும் நான் "எஸ் மேம்" என்றேன்.

ஓசூரில் வாடகைக்கு இருக்கிற கம்பெனிக்காரர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்களில் சிலர், அவர் காட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டேதான் படிப்பீர்கள். ஆட்டோ ஓட்டுவார், வீடு பிடித்துக் கொடுப்பார். மே மாதம் இந்த ஊரில் பாதி பேர் குடும்பத்தோடு டெம்போவில் இருப்போம். பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைத்ததோ, அந்தப் பக்கம் பீரோவும் கட்டிலும் நகரும். அந்த ஊர்வலங்களில் பாதிக்கு முன்னால் பாயின் ஆட்டோ போகும்.

நான் கல்லாவிக்காரன். ஐ.டி.ஐ. முடித்து மிஷின் ஓட்ட வந்தவன். மத்திகிரியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். மகளைப் பள்ளியில் சேர்க்கும் நேரம் வந்ததும் பாயிடம் போய், நாலும் தெரிந்தவன் மாதிரி ஆரம்பித்தேன். ரெண்டு ரூம், நல்ல தண்ணி, பைக் நிறுத்த இடம். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, அதெல்லாம் உங்களுக்கு. பாப்பா எந்த ஸ்கூலு, அதச் சொல்லுங்க மொதல்ல."

"இன்னும் முடிவு பண்ணல பாய்."

"அப்ப வீடு பாக்க வர்ல, ஊர் சுத்திப் பாக்க வந்திருக்கீங்க. டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க."

பள்ளியை முடிவு செய்துகொண்டு மறுபடி போனேன். காலையில் பள்ளி நேரத்துக்கு வரச் சொன்னார். அவர் காட்டப்போகும் வீட்டு வாசலிலிருந்து பள்ளி கேட் வரைக்கும் என்னை நடக்கவிட்டு, பின்னாலேயே வந்தார். தெரு முனையில், கம்பெனி பஸ்கள் திரும்பும் இடத்தில், "குந்துங்க" என்றார்.

"எதுக்கு பாய்?"

"பாப்பா உசரத்துக்கு வாங்க. அவ கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு பாருங்க."

ரோட்டோரத்தில் குந்தினேன். பேண்ட் தையல் ஒரு வார்த்தை பேசியது. நின்றபோது தெரிந்த ரோட்டைக் காணவில்லை. நிறுத்தியிருந்த காரின் சக்கரம், அதற்குப் பின்னால் ஒரு டெம்போவின் வயிறு, அவ்வளவுதான். எதிரே வருகிற பஸ்ஸின் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் பாயும் குந்திக்கொண்டு, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார். தளிப் பக்கத்திலிருந்து பூக்கூடையோடு வந்த ஓர் அம்மா, இரண்டு ஆண்பிள்ளைகள் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்து, "ஏனாய்த்தண்ணா?" என்று, என்ன ஆச்சு என்பதைக் கன்னடத்தில் கேட்டார். ஒன்றுமில்லையம்மா, பள்ளிக்கூடம் பார்க்கிறோம் என்று பாயும் கன்னடத்திலேயே சொன்னார். பின்னாலிருந்த டீக்கடையில் யாரோ, "கக்கூஸ் அந்தாண்ட இருக்குதுய்யா!" என்று குரல் கொடுத்தார்கள்.

பாய் எழுந்தார். "இந்த வீடு வேணாம். வேற காட்டறேன்."

அப்படி என்னை மூன்று தெருமுனைகளில் குந்தவைத்த பிறகுதான் இப்போதிருக்கும் வீட்டைக் காட்டினார்.

ஒரு விஷயத்தில் மட்டும் பாயிடம் பேச்சே கிடையாது. வீடு ஹைவேக்கு இந்தப் பக்கம், பள்ளி அந்தப் பக்கம் என்றால், "வேற ஆளப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிடுவார். அதனால் கமிஷன் எத்தனையோ போயிருக்கிறது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நானும் அவர் முகத்துக்கு நேரே கிண்டல் செய்திருக்கிறேன். அவரும் சிரிப்பார். ஒரு நாள் மட்டும் சிரிக்கவில்லை. டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எம் பையன் நாலாவது படிச்சான் தம்பி. ஊர்லயே நல்ல ஸ்கூலு. வீடு ரோட்டுக்கு இந்தாண்ட. நான் நின்னுக்கிட்டுப் பாத்தேன், ரோடு நல்லாத் தெரிஞ்சுது. அவனுக்குத் தெரியல."

பிறகு கடைக்காரரிடம் சர்க்கரை கம்மியாகப் போட்டு இன்னொரு டீ கேட்டார். நானும் ஒரு டீ கேட்டேன்.

இந்த வருடம் எங்களுக்கே அந்தக் கேள்வி வந்தது. மகள் ஆறாம் வகுப்பு போக வேண்டும். இப்போதிருக்கும் பள்ளியில் ஐந்தாவதோடு சரி. செல்வி விசாரித்து விசாரித்துத் தேர்ந்தெடுத்தது பாயின் மகன் படித்த அதே பள்ளி. ஹைவேக்கு அந்தப் பக்கம். தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன். "நல்ல ஸ்கூலு தம்பி. அதும் மேல ஒரு கொறையும் சொல்ல முடியாது. அந்தப் பக்கமே வீடு பாப்போம்," என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அவர் போய்விட்டார். அவர் வீட்டுக்கு நான் அதுவரை போனதில்லை. எல்லோருக்கும் வீடு காட்டியவரின் வீட்டை, முருகனிடம் வழி கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். எதிர்ச் சுவர், அந்தப் பள்ளியின் சுவர். வீட்டு வாசலுக்கு நேரே பள்ளி கேட்.

"பையன் போன அடுத்த மே மாசமே இங்க வந்துட்டாங்கண்ணே," என்றான் முருகன் மெதுவாக. "அப்ப எல்லாரும் பாய்க்குப் பைத்தியம்னு சொன்னாங்க."

ஜனாஸாவைப் பள்ளிவாசலுக்குத் தூக்கத் தயாரானார்கள். சரியாக அப்போது ஸ்கூல் பெல் அடித்தது. கேட் திறந்து பிள்ளைகள் தெரு முழுக்க நிறைந்தார்கள். சந்தூக்குப் பெட்டியில் கை வைத்திருந்த பாயின் தம்பி கையை எடுத்தார். "பசங்க போவட்டும்," என்றார். ஆட்டோக்காரர்கள் தெருவின் இரண்டு முனையிலும் போய் நின்று வண்டிகளை நிறுத்தினார்கள். தொப்பி போட்ட ஆண்களும் போடாத நாங்களும் சுவரோரம் ஒதுங்கி நின்றோம். ஒரு சின்னப் பெண் எங்களையெல்லாம் அண்ணாந்து பார்த்து, "டாட்டா" காட்டிவிட்டுப் போனாள். கடைசிப் பிள்ளை போன பிறகுதான் தூக்கினார்கள்.

பிறகு ஒரு நாள் செல்வி பாயின் மனைவியைப் பார்க்கப் போனாள். வந்து சொன்னாள்: "இத்தான்னு நாலு மாசத்துக்கு மேல துக்கம் இருக்கணுமாம், அது முடிஞ்சதும் அந்தக்கா வாணியம்பாடிக்கு, அவங்க அண்ணன் வீட்டுக்குப் போறாங்களாம். அந்த வீட்டை நம்மள எடுத்துக்கச் சொல்றாங்க. 'அவரு இருந்திருந்தா உங்க பாப்பாவுக்கு இதத்தான் காட்டியிருப்பாரு'ன்னாங்க." பிறகு, "பாய் எங்க இருந்தாலும் ஸ்கூல் விடற நேரத்துக்கு வந்து வாசல்ல நின்னுடுவாராம். கடைசிப் புள்ள போற வரைக்கும் உள்ள வரமாட்டாராம். காப்பி ஆறிடுமாம்," என்றாள்.

மே மாதம் குடி போகிறோம். பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: எந்தத் தெருமுனையிலும் குந்திப் பார்க்காமல் என் பிள்ளையை நடக்கவிடுவதில்லை. வேடிக்கை பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். தையல் போனால் போகட்டும்.

அட்வான்ஸ் பேசிவிட்டு வந்த அன்று செல்வி என் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க ஒரு மாதிரி இருக்கீங்க? வீடு புடிக்கலையா?"

"புடிச்சிருக்கு. இதவிட நல்ல வீடு எங்க கெடைக்கும்?" என்றேன்.

சொல்லாமல் விட்டது இது: நம் பிள்ளை பத்திரமாக வந்து சேரும் ஒவ்வொரு சாயங்காலமும் அந்த வாசலில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருப்பார், அவள் செருப்பைக் கழற்றி உள்ளே போன பிறகும் அவர் நகர மாட்டார்.