ஈரத் தரையில் இரண்டு தடம்

வளைவில் ஒரு கார் சாலையை விட்டு இறங்கியது. வண்டி இழுத்துக்கொண்டு போனதா, ஓட்டியவர் வேகமாகப் போனாரா? நான்கு மாதமாக யோசிக்கிறேன். விடை தெரியவில்லை.

பாச்சாங்கில் பழைய கார் வாங்கி விற்கும் கடை ஒன்றில் நான் டைப்பிஸ்ட். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறேன். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று இந்தப் பத்திரிகையில் கேட்டிருந்தீர்கள். எழுதுவது சரியா என்று தெரியாமலேயே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

கடைக்கு வண்டி வந்ததும் மெக்கானிக் ராமு அண்ணன் சோதித்து, குறைகளைத் தமிழில் சொல்வார். நான் ஆங்கிலத்தில் டைப் அடிப்பேன். அந்தத் தாள் முதலாளிக்கு. அவர் பென்சிலால் சில வரிகளைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் தருவார். மிச்சத்தைச் சுத்தமாக மறுபடி அடித்தால், அது வாங்க வருபவருக்கு. ஏன் இரண்டு தாள் என்று முதல் வாரம் நான் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

அடித்து அடித்தே எனக்கும் சில விஷயங்கள் தெரிந்தன. கதவின் இடுக்கு மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். கண்ணாடி ஓரத்து ரப்பரில் பெயிண்ட் தெறித்திருந்தால், அந்த வண்டிக்கு மறு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டாமல் நழுவினால், நசுங்கின இடத்தை ஈயம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸி வளைந்திருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் போதும். ஈரத் தரையிலிருந்து காய்ந்த தரைக்கு வண்டியை நேராக உருட்டினால் சக்கரத் தடம் விழும். பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே போகாமல் ஒரு பக்கமாக ஒதுங்கினால், அந்த வண்டி பலமாக எங்கேயோ மோதியிருக்கிறது.

சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பச்சை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. இரண்டே சீட்டு. பார்க்க அவ்வளவு அழகு. ராமு அண்ணன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"எழுதிக்க தங்கச்சி. இடது மட்கார்டு பூரா ஈயம். சேஸி முன்னால வளைஞ்சு, சூடு காட்டி நிமித்தியிருக்கான். பாதிதான் நிமிந்திருக்கு. பிரேக் அடிச்சா இடது பக்கம் இழுக்கும்."

முதலாளி அத்தனை வரியையும் பென்சிலால் அடித்துவிட்டார். "என்னம்மா இது, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டா? பயமுறுத்தாத லா," என்றார்.

அப்போது வீட்டுக்கு என் சம்பளம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. சுத்தமான தாளை அடித்துக் கொடுத்தேன்.

புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸராக இருந்த சுந்தரம் அந்த வண்டியை வாங்க வந்தார். மனைவி சரோஜா, இடுப்பில் குழந்தையோடு, வண்டியைச் சுற்றி வந்தார்.

"ரெண்டு சீட்டுதானே இருக்கு. புள்ளைய எங்க வைக்கிறது?"

"உன் மடியிலதான்."

"மழை வந்தா?"

"குடை எதுக்கு இருக்கு? நீ புடி, நான் ஓட்டுறேன்."

"ஆமா, துரை ஓட்டுவாரு, நான் குடை புடிக்கணும்!"

எல்லாரும் சிரித்தோம். சுந்தரம் தாளை இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க அடிச்சதாம்மா? நல்ல வண்டிதானே?"

"எல்லாம் தாள்ல இருக்கு சார்," என்றேன்.

விற்ற வண்டிக்குப் பூஜை போட்டு அனுப்புவது எங்கள் கடை வழக்கம். வாசலைக் கழுவிவிட்டு, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். சுமங்கலி என்பதால் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை. "நல்லா பெருசா வைங்கக்கா," என்றார் சரோஜா. வைத்தேன்.

வண்டி நகர்ந்தது. எல்லாருடைய கண்ணும் பழத்தின் மேல். "நாலும் நசுங்கிடுச்சு! நல்ல சகுனம்!" என்று முதலாளி கை தட்டினார். நான் தரையைப் பார்த்தேன். ஈரம் முடிந்து காய்ந்த சிமெண்டு தொடங்கும் இடத்தில், ஒரே பக்கத்தில் இரண்டு தடங்கள் தனித்தனியாகப் போயின. நிறுத்தச் சொல்லத்தான் கையைத் தூக்கினேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்து சுந்தரமும் கையாட்டிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு மழை நாளில், மருந்து வாங்க டவுனுக்கு வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கும் அவசர காலம் என்பதால் தோட்டத்துக் கேட்டை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு ரோட்டில் யார் நின்றாலும் ஆபத்து. தோட்டத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது, வளைவில் வண்டி இடது பக்கம் இறங்கி ரப்பர் மரத்தில் மோதியது. அங்கேயே போய்விட்டார். வேகம்தான் காரணம் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் இடது பக்கம் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உடைந்த வண்டியை விற்பது பற்றிப் பேச, போன மாதம் சரோஜா கடைக்கு வந்தார். முதலாளி வெளியே போயிருந்தார். என் எதிரில் உட்கார்ந்தவர், நான் எதுவும் கேட்காமலேயே சொன்னார்.

"புள்ளைக்குக் காய்ச்சல்க்கா. கேட் மூடுறதுக்குள்ள வந்துடுங்கன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். அதான் அவசரப்பட்டிருக்காரு. என் வாய்தான் அவரைக் கொன்னுடுச்சு."

அந்த முதல் தாளின் கார்பன் நகல் என் மேசை டிராயரில் இருந்தது. "அப்படிச் சொல்லாதீங்கம்மா," என்று மட்டும் சொன்னேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

சரோஜாவிடம் சொல்லிவிடலாமா என்று ராமு அண்ணனிடம் கேட்டேன். "இப்ப சொன்னா அவரு திரும்பி வந்துடுவாரா? உனக்கும் புள்ள இருக்கு தங்கச்சி. சும்மா இரு," என்றார். ஆனால் அவரும் அன்று மதியம் சாப்பிடவில்லை.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். யார் அடித்துக் கொடுத்த தாளையும் நம்பாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை நீங்களே ஊற்றிப் பாருங்கள்.

உடைந்த வண்டியை விற்கக் கையெழுத்துப் போட சரோஜா தீபாவளி கழித்து மறுபடி வருகிறார். தாளைக் காட்டினால், தன் வாய்தான் காரணம் என்ற நினைப்பு அவருக்குக் குறையலாம். அல்லது தெரிந்தே அனுப்பினார்கள் என்ற புது வேதனையும் சேரலாம். என் வேலை நிச்சயமாகப் போகும். என் குழந்தைக்கு இப்போதுதான் பத்து மாதம்.

இதைப் படிக்கிற அக்காமாரே, அம்மாமாரே, நான் அந்தத் தாளை அவரிடம் கொடுக்கட்டுமா? அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் அதைத் தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? தயவுசெய்து தீபாவளிக்குள் எழுதுங்கள்.