பைக்கற்றில் போட்ட சைபர்

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது. பாலையூற்றில், எங்கள் வீட்டில். நானும் மனைவியும் நெத்தலி பொரித்துப் பைக்கற் போட்டு விற்கிறோம். மொறுமொறுப்பு நிற்க ஒரு கிலோ மீனுக்கு இரண்டு கரண்டி அரிசி மாவு சேர்ப்போம்.

பெரிய கடையில் வைக்க வேண்டுமென்றால் சத்து விபரம் போட வேண்டும் என்றார்கள். கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதித்தோம். கடதாசி வந்தது. ஒரு தரம் சாப்பிடுவது பத்துக் கிராம் என்று கணக்கு. அதில் மாச்சத்து 0.4 கிராம்.

லேபல் அடிப்பவர் பார்த்தார். "அரைக் கிராமுக்குக் கீழ எண்டால் சைபர் போடலாம் அண்ணை. முறைப்படி சரி. மற்ற இலக்கங்களும் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், அதுக்கும் சட்டத்தில இடம் விட்டிருக்கு" என்றார். சரி என்றேன். சைபர் பார்க்க வடிவாக இருந்தது.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் தோப்பூரிலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்தார். கூட ஆறு வயதில் ஒரு மகள். பைக்கற்றில் இருந்த விலாசத்தைக் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். கையில் எங்கள் வெறும் பைக்கற்.

"அண்ணன், இதுல அரிசி மாவு எண்டும் இரிக்கு. மாச்சத்து சைபர் எண்டும் இரிக்கு. எது சரி?"

நான் பைக்கற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அவரிட்டக் கேட்டால் நாளைக்குத்தான் மறுமொழி வரும். என்னட்டக் கேளுங்கோ தங்கச்சி" என்று மனைவி வந்தா. மாவுக் கணக்கைச் சொன்னா.

அந்தப் பெண் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். மகளுக்கு வலிப்பு. மருந்துக்கு அடங்கவில்லை. கொழும்பு டொக்டர் சோறு, சீனி எல்லாம் நிறுத்தி, கொழுப்புச் சாப்பாடு கொடுக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் முழுக்க மாச்சத்து பத்துக் கிராமுக்கு மேல் போகக் கூடாது. ஒன்பது மாதம் வலிப்பே வரவில்லை. கடைசி இரண்டு கிழமைக்குள் நாலு தரம் வந்துவிட்டது. சாப்பாட்டில் புதிதாகச் சேர்ந்தது எங்கள் நெத்தலி மட்டும்தான்.

"எல்லாத்தையும் தராசுல நிறுத்துத்தான் குடுப்பன். இத மட்டும் நிறுக்கல்ல. சைபர எத்தினை தரம் கூட்டினாலும் சைபர்தானே எண்டு நினைச்சிட்டன்."

முறைப்படி சரி என்று சொல்லியிருக்கலாம். அலுமாரியைத் திறந்து கொழும்புக் கடதாசியை எடுத்துக் கொடுத்தேன். பார்த்தார். விரலை மடித்துக் கணக்குப் போட்டார்.

"ஒரு பைக்கற்றுல அம்பது கிராம். அப்ப ரெண்டு. சில நாள் ஒண்டரைப் பைக்கற் தின்னுவா. அப்ப மூண்டு."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து அந்த மூன்றை எழுதினார். கொப்பியை எட்டிப் பார்த்தேன். முட்டை, தேங்காயெண்ணெய், முருங்கையிலை. எல்லாவற்றுக்கும் நேரே கிராம். அந்த ஒன்பது மாதமும் அதற்குள் இருந்தது. ஒரு நாள்கூட விடுபடவில்லை.

"பிள்ளைக்குப் பசிக்காதோ?" என்று மனைவி கேட்டா.

"பசிக்கும். தராசுக்குத்தான் பசிக்காது" என்றாள் சின்னவள்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். தாய்தான் கூடுதலாகச் சிரித்தார்.

மாவில்லாமல் பொரித்துத் தரட்டுமா என்று கேட்டேன். ஓம் என்றார். சட்டியைக் கழுவிப் புது எண்ணெய் விட்டுப் பொரித்தேன். அவர் பையிலிருந்து கையகலத் தராசு ஒன்றை எடுத்து வைத்தார். நகைக்கடையில் இருக்குமே, அது மாதிரி. மீன்களை ஒவ்வொன்றாக வைத்தார். கொஞ்சம் கூடியது. ஒரு மீனின் தலையைக் கிள்ளி எடுத்தார். இன்னும் கூடுதல். வாலையும் கிள்ளினார். இலக்கம் சரியாக வந்த பிறகுதான் மகளிடம் கொடுத்தார். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கவனத்தை நான் கண்டதில்லை. கோயிலிலும் கண்டதில்லை.

அடுத்த நாளே லேபலை மாற்றக் கொடுத்தேன். பத்துக் கிராமில் 0.4, முழுப் பைக்கற்றில் 2.

"ஆரண்ணை உந்த இலக்கத்தைப் பாக்கப்போறாங்கள்?" என்று லேபல் அடிப்பவர் சிரித்தார்.

"ஒராள் பார்ப்பா" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் போன் எடுத்தார். வலிப்பு நின்றுவிட்டதாம். நெத்தலியால்தான் வந்தது என்று டொக்டர் உறுதியாகச் சொல்லவில்லையாம். உறுதியில்லை என்ற அந்த மறுமொழி தாய்க்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

இப்போதும் மாவுக் கரண்டியைக் கையில் எடுத்தால் கொஞ்சம் நின்றுதான் போடுகிறேன். நாக்குக்கே தெரியாத ஒரு கிள்ளுக்குள் ஒரு பிள்ளையின் ஒரு நாள் முழுவதும் இருக்கலாம்.