வீட்டுக்கு அடியில் ஊற்றிய தண்ணீர்

டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகிறவர்கள் கைபேசியிலிருந்து தலை நிமிர்த்துவதில்லை. சைக்கிளில் நாலு மிதி மிதித்தால் பாலம் முடிந்துவிடும். நான் பிறந்த யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில் அப்படியில்லை. கடலுக்கு நடுவே போகும் அந்த வீதியில் பஸ் ஏறியதும் காற்று சட்டைக்குள் புகுந்துவிடும். தீவை விட்டுப் போகிறோம் என்பது பஸ்ஸில் தூங்குகிறவனுக்கும் தெரியும். இங்கே எது தீவு, எது கரை என்று தெரியாமலே பல வாரங்கள் தனியாக நடந்தேன். நிறுத்திக் கேட்க ஓர் ஆளில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு நாடுகளில் கோப்பை கழுவியிருக்கிறேன், மீன் வெட்டியிருக்கிறேன். பிழை விட்டால் ஒருவருக்கும் சொல்லாமல் அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன். இப்போது இந்த நகரின் கிறிஸ்டியன்ஸ்ஹவுன் பகுதியில், கால்வாயோரத்துப் பழைய மாடிக் கட்டடம் ஒன்றில் பராமரிப்பு உதவியாள். வேலையோடு ஓர் அறையும் தந்திருக்கிறார்கள். கட்டடத்துக்குப் பொறுப்பானவர் கியர்ஸ்டன் என்ற பெண். இந்த இடம் முன்பு ஆழமில்லாத கடல் என்று அவர்தான் சொன்னார். நாலு நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் அரசன் ஷெலாண்ட் தீவுக்கும் அமார் தீவுக்கும் இடையில் சேறும் மண்ணும் கொட்டி நிலமாக்கி, கால்வாய் வெட்டி, கப்பல்களை வீட்டு வாசலுக்கே வரவழைத்தானாம்.

ஒரு மழைக்குப் பிறகு நிலவறையில் தண்ணீர் ஊறியது. அங்கே தண்ணீர் வந்து சேர ஒரு குழி உண்டு. பம்ப் போட்டு இறை, தரை காய்ந்ததும் நிறுத்து என்றார் கியர்ஸ்டன். எனக்கு விளங்கியது. ஆனால் எங்கள் பக்கத்தில் கிணறு இறைப்பதென்றால் அடிச்சேறு தெரியும்வரை இறைப்போம். பாதியில் விடுகிறவன் சோம்பேறி. மூன்று நாள் இறைத்தேன். பெருமை தாங்காமல், ரண்டர்ஸ் நகரில் கட்டட வேலை செய்யும் எங்கள் ஊர் ராசனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஐயோ அண்ணை, என்ன வேலை பாத்தனீங்கள்! அங்கத்தை பழைய வீடுகள் மரக்காலில நிக்குது. தண்ணிக்குள்ள இருக்குமட்டும்தான் அந்த மரம் உக்காது. பேசாமல் இங்கை வாங்கோ. எங்கடை வீடெல்லாம் நிலத்திலதான் நிக்குது."

பையைக் கட்டினேன். மேல் மாடியில் ஒரு குழந்தை அறைக்கு அறை ஓடும் சத்தம் கேட்டது. ஆறு குடும்பங்கள் என் தலைக்கு மேலே இருந்தன. பையை வைத்துவிட்டுப் போய்க் கியர்ஸ்டனின் கதவைத் தட்டி, மூன்று நாள் இறைத்ததைச் சொன்னேன்.

"தரை காய்ந்ததும் நிறுத்தச் சொன்னேனே?"

"எங்கள் ஊரில் கிணற்றை அடிவரை இறைப்போம்."

"இது கிணறு இல்லை." நிலவறைக்கு இறங்கிப் பம்பின் வயரைப் பிடுங்கினார். தோட்டத்துக் குழாயை இழுத்துவந்து என் கையில் தந்தார். "மூன்று நாளில் வீடு விழாது. எடுத்ததைத் திருப்பிக் கொடு. நாளைக் காலை ஏழு மணிக்கும் நீதான் பிடிக்க வேண்டும்."

வேலை போகவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. குடிக்கிற தண்ணீரைக் குழிக்குள் விட்டேன். ஊற்ற ஊற்ற மண் குடித்தது. கைபேசி அடித்தது. புங்குடுதீவிலிருந்து அக்கா.

"தம்பி, தண்ணி கொண்டுவாற பவுசர் இன்னும் வரேல்லை. வெயிலுக்குள்ள வாளியோட நிக்கிறம். அதென்னடா தண்ணிச் சத்தம்? குளிக்கிறியோ?"

"ஓம் அக்கா, குளிக்கிறன்."

"கனநேரம் நிக்காதை, தடிமன் பிடிக்கும். தண்ணியை நிப்பாட்டு."

"சரி, நிப்பாட்டிறன்" என்றேன். படியில் நின்ற கியர்ஸ்டன், இன்னும் கூட்டித் திற என்று கை காட்டினார். கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு குழாயைத் திருகினேன்.