யாருக்கு கோல், அண்ணே?

அப்புத்தளையில் ஒரு கல்யாண மண்டப வாசலில் நின்று, முன்பின் தெரியாத மனிதர்களுக்கெல்லாம் டொஃபி கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன் வந்தது. பேசியது ஜெகன், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கால்பந்து அணியின் கோல்கீப்பர்.

"மாமா, சிவலிங்கம் மாமா போயிட்டாரு."

"எங்கடா போயிட்டாரு? டீமு ரெண்டு கோல் அடிச்ச சந்தோசத்துல லுணுகலை டவுன்ல ஆட்டம் போடப் போயிட்டாரா?"

ஜெகன் அழுதுகொண்டே கேட்டான்.

"எந்தக் கோல் மாமா? இன்னைக்கு யாருமே கோல் அடிக்கலையே."

அந்த நேரம் ஒரு பெரியவர் என் முன்னால் கையை நீட்டினார். அவருக்கும் ஒரு டொஃபி கொடுத்தேன். கை அதுபாட்டுக்குக் கொடுத்தது.

சிவலிங்கம் அண்ணன் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அணிப் பையன்கள் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். "நீங்கதான் மாமா எழுதணும், கூடவே இருந்தவரு நீங்கதான்" என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். "முத்துவோட கை அஞ்சாம் வகுப்பு, வாய் மட்டும் கெம்பஸ் போயிருக்கு" என்று அண்ணன் சொல்வார். பல்கலைக்கழகம் போன அந்த வாய் செய்த காரியத்தை இப்போது அஞ்சாம் வகுப்புக் கையால் எழுத வேண்டியிருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையைச் சொல்கிறேன். மற்றப் பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.

சிவலிங்கம் அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பிரிங்வெளிப் பக்கமிருக்கும் எங்கள் தோட்டத்துக்கும் பதுளை டவுனுக்கும் இடையில் முப்பது வருஷம் வான் ஓட்டியவர். உயரமான மனிதர். மெதுவாகத்தான் ஓட்டுவார், அதைவிட மெதுவாகத்தான் பேசுவார். நானும் வான் ஓட்டுகிறவன். என் முதல் வண்டியை வாங்கப் போனபோது, விஷயம் தெரிந்தவர் என்று அவரைக் கூட்டிப் போனேன். அவர் இஞ்சினைப் பார்க்கவில்லை, டயரைத் தட்டவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார்.

"என்னண்ணே, பொண்ணு பார்க்கிறீங்களா?"

"மூஞ்சியைப் பார்க்கிறேன்டா. வெள்ளனே எழும்பினா நீ முழிக்கப் போறது இந்த மூஞ்சியிலதானே."

வண்டிக்கு முகம் உண்டு என்பது அவருடைய கட்சி. லைட் இரண்டும் கண், நடுவில் இருக்கிற கிரில் வாய். பழைய வண்டிகளுக்கு வட்டக் கண், வழி கேட்டால் சொல்லும் போலிருக்கிற முகம் என்பார். புதிதாக வருகிற வண்டிகளைப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. "கண்ணைச் சுருக்கி, பல்லைக் கடிச்சுக்கிட்டு வருது பாரு. வளைவுல எதிர்க்க வந்தா, நான் என்னப்பா தப்பு செஞ்சேன்னு கேக்கத் தோணுது." டீ கோப்பை வைக்க வண்டிக்குள்ளே ஓட்டை வைத்திருப்பதைக் காட்டியபோது, "ஓட்டை வச்சவன் நம்ம ரோட்டுக்கு வந்து ஒரு வாய் குடிச்சுக் காட்டட்டும்" என்றார்.

அவருடைய வான் ஒரு தடவை மண்மேட்டில் மோதிவிட்டது. தட்டி நிமிர்த்தியதில் முன்பக்கம் ஒரு ஓரம் மேலே ஏறி, அரைச் சிரிப்பாக நின்றுவிட்டது. கடைசி வரை அதைச் சரிசெய்ய விடவில்லை.

"ஒங்க மூஞ்சி மாதிரியே இருக்குண்ணே."

"அதான் ஒங்க அண்ணி ரெண்டையும் ஒரே துணியால தொடைக்கிறா."

இதெல்லாம் வெறும் பேச்சு என்று நினைக்காதீர்கள். சம்பளம் எடுத்து, பதுளையில் அரிசியும் மாவும் வாங்கிக்கொண்டு தோட்டத்துப் பெண்கள் வானில் ஏறும்போது, படி உயரமாக இருப்பதால் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். "இதைப் படம் வரைஞ்ச மனுசன் நாள் பூரா மலையில நின்னு கொழுந்து பறிச்சிட்டு வந்து ஒரு தரம் ஏறிப் பார்த்திருந்தா, படியை இவ்வளவு ஒசத்துல வச்சிருக்க மாட்டான்" என்று சொல்லி, கதவுக்குக் கீழே இரும்பில் இன்னொரு படி ஒட்ட வைத்தார். ரோட்டில் அது உரசும், மேடு வந்தால் கத்தும். "வண்டிக்கு வாசப்படி வச்ச ஒரே ஆளு நீங்கதாண்ணே" என்று ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தேன். இன்றைக்கு எங்கள் ஸ்டாண்டில் பாதி வானுக்கு அந்தப் படி இருக்கிறது. என் வானுக்கும்தான்.

இனி அணி. எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவைக் கீழ்க்கணக்கு என்று சொல்வோம். அணியின் பெயரும் கீழ்க்கணக்குதான். எந்தப் போட்டிக்குப் போனாலும் பெயரைக் காப்பாற்றிவிட்டுத்தான் வரும். மைதானம் தேயிலைக்கு நடுவே சரிவாகக் கிடக்கிறது, ஒரு பாதி ஏற்றம், ஒரு பாதி இறக்கம். அண்ணன் கோட்டோரம் நின்று கத்துவார். "ஏத்தம்டா, கியரைக் குறைச்சு ஓடு!" தோற்றுத் திரும்பும்போது வானில் அமைதியாகச் சொல்வார். "முன்னுக்கு லைட்டு நல்லாத்தான் இருக்கு. பின்னுக்குத்தான் பிரேக் இல்ல."

"அண்ணே, டிவியில எத்தனை நல்ல டீம் ஆடுது. அதுல ஒண்ணைப் பார்த்துக் கைதட்டுங்களேன்" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவனுங்களுக்குக் கைதட்ட ஆள் இருக்குடா. இவனுங்களுக்கு நான் போகலைன்னா வண்டியே இல்லையே."

வெளியூரில் ஆட்டம் என்றால் வானை மைதானத்தைப் பார்க்கத் திருப்பித்தான் நிறுத்துவார். வண்டியும் பார்க்கட்டும் என்பார். வானின் ஹோர்ன் செத்து வெகு காலம். அதனால் நம் பையன் யாராவது நன்றாக ஆடினால், ஓடிப்போய் லைட்டைப் போட்டு அணைப்பார். "வண்டி கண்ணடிக்குதுடா" என்று பையன்கள் திரும்பிக் கை காட்டுவார்கள்.

ஒரு ஞாயிறு எனக்கு வாடகைக்கு ஓடும் ஹயர் இருக்கும், ஒரு ஞாயிறு அவருக்கு. மைதானத்தில் இருப்பவர் மற்றவருக்கு மெசேஜ் போடுவது எங்கள் பழக்கம். அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுவார். கே, ஓ, எல். கோல். உடனே நான், "யாருக்கு கோல், அண்ணே?" என்று கேட்பேன். அவர் கஷ்டப்பட்டுத் தட்டிப் பதில் அனுப்புவார். "அவனுக்கு." பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே கேள்வி, ஒரே பதில். ஒவ்வொரு தடவையும் சிரித்தோம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. போனில் கூப்பிடுவதையும் நாங்கள் கோல் என்றுதான் சொல்வோம். அண்ணனின் போனில் ரீலோட் போட்ட காசு நிற்காது. கொழும்பில் இருக்கும் மகளோடு பேசியே தீர்ந்துவிடும், இலவச மெசேஜ் மட்டும் போகும். அதனால் எனக்கு ஒரு கோல் எடு என்பதற்கும் அதே மூன்று எழுத்தைத்தான் தட்டுவார். ஒருமுறை பசறை ரோட்டில் டயர் வெடித்து நின்றபோது "கோல்" என்று போட்டார். நான் "யாருக்கு கோல், அண்ணே?" என்று கேட்டுவிட்டுச் சோறு சாப்பிடப் போய்விட்டேன். மனிதர் மழையில் ஒரு மணி நேரம் ரோட்டோரம் குந்தியிருந்தார். வந்து ஏசுவார் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணே, இனிமே ஆட்டம்னா 'கோல்'னு போடுங்க. பேசணும்னா 'போன்'னு போடுங்க."

"எதுக்குடா ரெண்டு? எது எந்தக் கோல்னு ஒனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்டா முத்து."

அந்த ஞாயிறு லுணுகலையில் ஆட்டம். எனக்கு அப்புத்தளையில் கல்யாண ஹயர். மூன்றே முக்காலுக்கு மெசேஜ் வந்தது. கோல். வழக்கம்போல, "யாருக்கு கோல், அண்ணே?" என்று போட்டேன். பதில் இல்லை. ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. கோல். அவனுக்கு என்று வரவில்லையே, அப்படியானால் நமக்குத்தான், சந்தோஷத்தில் அவருக்குத் தட்ட வரவில்லை என்று நானே முடிவு கட்டினேன். கீழ்க்கணக்கு ஒரே ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்ததை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. பக்கத்துக் கடைக்கு ஓடி ஒரு பை டொஃபி வாங்கினேன். மூன்றாவது மெசேஜில் இரண்டு எழுத்துதான் இருந்தது. கே, ஓ. அத்தோடு நின்றுவிட்டது. அதற்கும் பதில் போட்டேன். "என்னண்ணே, பாதியில நிக்குது? ஓஃப்சைடா?"

அது இன்னும் என் போனில் இருக்கிறது. பார்க்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை.

நடந்ததைப் பிறகு ஜெகன் சொன்னான். இடைவேளைக்குப் பிறகு அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டே மேட்டில் ஏறி, வானில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டத்தைக் குழப்பக் கூடாது என்று யாரையும் கூப்பிடவில்லை. அது அவர் சுபாவம். ஒரு தடவை வானின் லைட் எரிந்து அணைந்ததாம். "அப்பத்தான் நான் ஒரு பந்து பிடிச்சேன் மாமா. அதுக்குத்தான் கண்ணடிக்கிறாருன்னு கையைத் தூக்கிக் காட்டுனேன்" என்று சொன்ன ஜெகன், தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்து வானில் ஏற வந்தவர்கள்தான் கண்டார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். மைதானத்தைச் சுற்றி நூறு பேர் நின்றார்கள். நான் ஒரு கோல் எடுத்திருந்தால் அண்ணன் சொல்லியிருப்பார். கோட்டோரம் நிற்கிற யாரையாவது நான் கூப்பிட்டிருப்பேன். கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருந்தது. நான்தான் இல்லை. நான் டொஃபி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மேலும் ஒன்று செய்தேன். சாவு வீட்டில் பாக்கியம் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா ஒனக்குத்தானே தம்பி மெசேஜ் போட்டிருக்காரு. என்ன போட்டாரு?"

"கோல்னு போட்டாரு அண்ணி."

"நம்ம பையன்க அடிச்சாங்களா?"

"ஆமாங்க அண்ணி. ரெண்டு."

பதினொரு பையன்களும் பக்கத்தில்தான் நின்றார்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு வந்தவர்களிடமெல்லாம் அண்ணி, "டீமு ரெண்டு கோல் அடிச்சதைப் பார்த்துட்டுத்தான் போனாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அதைச் சொல்லும்போது மட்டும் அழுகை கொஞ்சம் அடங்கும். நல்லதைத்தான் செய்தேன் என்று மூன்று வாரம் என்னையே ஏமாற்றினேன். எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. இந்தப் பொய் அச்சில் ஏறிவிட்டால், அண்ணன் என்னைக் கூப்பிட்டார் என்பதே இல்லாமல் போய்விடும். மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார்.

நேற்றுக் காலை அண்ணன் வீடு இருக்கிற லயத்துக்குப் போனேன். அண்ணி வாசலில் வானின் முன்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அன்னைக்குக் கோலே இல்ல. அவரு என்னைக் கோல் எடுக்கச் சொல்லியிருக்காரு. நான் வெளங்காம கிண்டல் பண்ணிட்டிருந்தேன். அப்புறம் ஒங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

அண்ணி துணியைப் பிழிந்து அந்த இரும்புப் படியில் போட்டார். உள்ளே போய் அண்ணனின் போனை எடுத்து வந்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"இப்பக் கோல் எடு."

"அண்ணி, வேணாம் அண்ணி."

"எடுன்னு சொல்றேன்ல."

எடுத்தேன். அவர் கையில் போன் அடித்தது. அண்ணி அதை எடுக்கவுமில்லை, நிறுத்தவுமில்லை. அது அடித்து ஓய்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நேரம் அடிக்குது" என்றார். "எடுத்திருப்பாரு."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்விட்டார். எப்போது போனாலும் பிளேன்டீ குடிக்காமல் அனுப்பாத வீடு அது. நேற்று அடுப்படியில் சத்தமே கேட்கவில்லை.

அவர் போட்டுவிட்டுப் போன துணியை எடுத்து, மீதியை நான் துடைத்தேன். அரைச் சிரிப்பைத் துடைத்தேன். வட்டக் கண் இரண்டையும் துடைத்தேன். வழி கேட்டால் சொல்லும் போலிருக்கிற முகம் என்பார் அண்ணன். கேட்டுப் பார்த்தேன். சொல்லவில்லை.

எது எந்தக் கோல் என்று எனக்குத் தெரியும் என்றீர்களே, எனக்குத் தெரியவில்லை அண்ணே. போயிட்டு வாங்க.