பாறையில் கொட்டிய பை

சமயநல்லூரைத் தாண்டி மெயின் ரோட்டிலிருந்து மண்பாதையில் பிரிந்து போனால் ஒரு மொட்டைப் பாறைக் குன்று வரும். ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் அதில் ஏறினோம்.

அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னது நடை. இவர் பிடித்துக்கொண்டது மலை. வீடியோ வீடியோவாகப் பார்த்தார். வீட்டுக்குப் பார்சல்கள் வர ஆரம்பித்தன. பத்து விதமாக விரியும் மடக்குக் கத்தி, உரசினால் நெருப்புப் பொறி பறக்கும் கம்பி, நைலான் கயிறு, நெற்றியில் மாட்டும் டார்ச், ஆரஞ்சு நிற விசில், குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் வெள்ளித்தாள் போர்வை. மதுரையில் குளிருக்கு! பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினார். நான் குடையை எடுத்து வைத்தேன். அவர் எடுத்து வெளியே வைத்தார்.

"மலைக்குப் போறோமா, மறுவீட்டுக்குப் போறோமா?"

"வெயில் ஏறிருமேங்க."

"ஒம்பது மணிக்கு வீட்டுல இருப்போம்."

மூன்றாவது தண்ணீர் பாட்டிலையும் வைக்கப் போனேன். பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கயிறு அல்லது பாட்டில், இரண்டில் ஒன்றுதான் என்றார். கயிறு ஜெயித்தது. இட்லி ஊற்றுகிற அவசரத்தில் நானும் விட்டுவிட்டேன்.

ஏழரைக்கெல்லாம் உச்சியில் இருந்தோம். கீழே பனைமரங்கள், தூரத்தில் ரோட்டில் எறும்பு மாதிரி லாரிகள். காற்று நன்றாக இருந்ததால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். வந்த வழியே இறங்காமல் அந்தப் பக்கமாக இறங்கிப் பார்ப்போம் என்றார். கால்வாசி தூரம் கூட வரவில்லை. உதிரிக் கல்லில் கால் வைத்துச் சறுக்கினார். பாறை இடுக்கில் வலது பாதம் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் முன்னால் போனது. விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் அவர் அலறினார்.

காலை வெளியே எடுக்கவே வெகு நேரம் ஆனது. பாதம் போகக்கூடாத திசையில் திரும்பியிருந்தது. அவருடைய போன் பாறையில் மோதி நொறுங்கிக் கிடந்தது. என் போனில் டவர் இல்லை. கையை உயர்த்திக்கொண்டு நாலு பக்கமும் அலைந்து பார்த்தேன், ஒரு கோடு கூட வரவில்லை.

"என்னால முடியாது. நீ போயி ஆளக் கூட்டிட்டு வா" என்றார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. உட்கார்ந்திருந்த பாறை புடவை வழியாகச் சுட ஆரம்பித்தது.

பையைத் தலைகீழாகப் பிடித்துக் கொட்டினேன். முந்தின நாள் அவர் தேர்ந்தெடுத்ததையெல்லாம் இப்போது நான் பிரிக்க வேண்டும், அவருக்கு எது, எனக்கு எது என்று. கத்தியும் நெருப்புக் கம்பியும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பையில் இருந்த பேண்டேஜைக் காலில் சுற்றினேன். நான் இறுக்கிய ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் என் தோளைப் பிடித்து நசுக்கினார். வெள்ளித்தாள் போர்வையைக் கயிற்றால் இரண்டு கற்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினேன். தலையும் நெஞ்சும் மறைகிற அளவுக்கு நிழல் விழுந்தது. போன் என்னிடம் இருந்தாக வேண்டும். விசிலை அவர் கழுத்தில் மாட்டப் பார்த்தால் கயிற்று வளையம் தலை வழியாக இறங்கவில்லை. கையில் கொடுத்தேன்.

"கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா மூணு தடவ ஊதுங்க. வார ஆளுகளுக்கு எடம் தெரியணும்."

மிச்சம் தண்ணீர். ஒரு பாட்டில் காலி. இன்னொன்றில் பாதிக்குக் கீழே.

"நீ எடுத்துட்டுப் போ. நடக்கப் போறவ நீதான்."

"வெயில்ல கெடக்கப் போறது நீங்க."

"சொன்னாக் கேளு. நீ பாதியில விழுந்துட்டா ரெண்டு பேருக்கும் ஆள் இல்ல."

அவர் சொன்னது சரி. ஆனாலும் மூன்று மிடறு குடித்துவிட்டுப் பாட்டிலை அவர் இடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். நாலாவது மிடறுக்கு நாக்கு கெஞ்சியது. திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.

முதல் கொஞ்ச நேரம் விசில் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று ஊதல், ஓர் இடைவெளி, மறுபடி மூன்று. அதை வைத்துத்தான் காலை எடுத்து வைத்தேன். சரிவான இடங்களில் உட்கார்ந்தபடியே சறுக்கினேன். உள்ளங்கை தோல் உரிந்தது. முள்வேலிச் செடிகளுக்கு வந்தபோதுதான் உறைத்தது: விசில் நின்று வெகு நேரம் ஆகிவிட்டது.

மூச்சை அடக்கிக் கேட்டேன். காற்றுதான் கேட்டது. மயங்கிவிட்டாரா? குன்று மறைக்கிறதா? "ஏங்க!" என்று கத்தினேன். பதில் இல்லை. ஏற ஆரம்பித்தேன். இருபது அடி ஏறியிருப்பேன். மேலே போய் என்ன செய்வேன் என்று ஒரு எண்ணம் வந்தது. கையில் தண்ணீர் இல்லை, அவரைத் தூக்கவும் முடியாது. போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே அழுதேன். பிறகு கீழே பார்த்துத் திரும்பினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கனமாக ஒரு காலை எடுத்து வைத்ததில்லை.

அடிவாரத்தில் ஒரு செங்கல் சூளை இருந்தது. சுடாத பச்சைக்கல் அடுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, தலைத்துண்டை அவிழ்த்தபடி ஓடி வந்தார்.

"என்னம்மா, யாரும் விழுந்துட்டாகளா?"

ஆமென்று தலையாட்டினேன். மலையைக் காட்டினேன். அவர் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, உள்ளே பார்த்து, "அண்ணே, அந்த ஏணிய எடுங்க! சாக்கும் கயிறும் எடுங்க!" என்று குரல் கொடுத்தார். அங்கே டவர் கிடைத்தது, 108-ஐக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் மண்பாதை முனை வரைதான் வரும் என்றார்கள். நாலு ஆண்களும் அந்த அம்மாவும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நான் பின்னாலேயே போனேன்.

பாதி ஏறியதும் எனக்கு இடம் தெரியவில்லை. எல்லாப் பாறையும் ஒரே மாதிரி இருந்தது. "எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார்கள். வாயில் வந்த திசையைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன். அப்போது அந்த அம்மா கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு, "அந்தா, என்னமோ மின்னுது பாருங்க" என்றார்.

வெள்ளித்தாள்தான். ஒரு முனை அவிழ்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. அதன் கீழே அவர் கண்ணை மூடிக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. நான் தொட்டதும் கண் திறந்தார்.

"விசில் எங்க?"

"கை வேர்த்து, இடுக்குல விழுந்துருச்சு. கத்திக்கிட்டே இருந்தேன், கேக்கலையா?"

பாட்டிலில் நான் விட்டுப்போன அளவு அப்படியே இருந்தது போலிருந்தது. "குடிக்கலையா?" என்றேன். நான் வரும்போது எனக்கு வேண்டுமே என்று வைத்திருந்தாராம். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தலையைத் தாங்கி மெல்ல மெல்லப் புகட்டினேன்.

ஏணியில் சாக்கை விரித்துப் படுக்கவைத்து, அவர் வாங்கிய கயிற்றாலேயே கட்டினார்கள். செங்குத்தான இடத்தில் ஏணி சாய்ந்தபோதெல்லாம் முன்னால் பிடித்திருந்தவர், "பயப்படாதீங்க சார், நாங்க கல்லே ஒடயாமத் தூக்குறவுக" என்றார். என் கணவர் அந்த வலியிலும் சிரித்துவிட்டார்.

கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் வெயிலே ஆளை முடித்திருக்கும் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அன்று சாயங்காலம் வார்டில், நான் இருபது அடி திரும்பி ஏறியதை அவரிடம் சொன்னேன்.

"விசில் போனதும் எனக்கு அந்தப் பயந்தான். நீ பாட்டுக்கு மேல வந்துருவியோன்னு."

அவர் தடியில்லாமல் நடக்க நாலு மாதம் ஆனது. நடந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சூளைக்குப் போனோம். அந்த அம்மா வேறு சூளைக்கு வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இருந்தவர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, அடுத்த பஸ் வரும் வரை ரோட்டோரம் நின்றோம்.