அறுபது மீட்டர் பிளேடும் இரண்டு சம்பந்திகளும்

1. ஓரம் கட்டியது

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ராஜபாளையத்துக்குள் நுழையும் முன்னால் ஒரு சிறிய பாலம். ஐப்பசி மழையில் அதன் ஒரு பக்கம் கரைந்து போயிருந்தது. பஸ் போனது, ஆட்டோ போனது, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு சைக்கிள்காரர் விசிலடித்தபடி போனார். எங்களை மட்டும் நெடுஞ்சாலை இன்ஜினியர் கை காட்டி நிறுத்தினார். எங்கள் டிரெய்லரில் இருந்தது காற்றாலையின் பிளேடு. நீளம் அறுபது மீட்டர்.

"தண்ணி வடியணும், மண்ணு இறுகணும். அதுவரைக்கும் ஓரமாப் போட்டுக்கோங்க."

"ஓரம்னா எங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் பிளேடின் நுனியைத் தேடித் திரும்பிப் பார்த்தார். மழையில் நுனி தெரியவில்லை. கடைசியில் தென்னந்தோப்பை ஒட்டிக் கிடந்த ஒரு பொட்டலைக் காட்டினார். அதில் வண்டியை ஒதுக்க மூன்று மணி நேரம் ஆனது. அது வியாழக்கிழமை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் பைலட். ஜீப்பில் முன்னால் போய், கம்பி தாழ்ந்திருக்கிறதா, வளைவு கொள்ளுமா என்று பார்த்துச் சொல்பவன். டிரெய்லரை ஓட்டுபவர் சுடலைமுத்து. வண்டியின் வாலில் ஒரு சின்னக் கூண்டு உண்டு. அதில் உட்கார்ந்து பின் சக்கரங்களைத் திருப்புகிறவன் குருசாமி. மூவருக்கும் ஆளுக்கொரு வாக்கி டாக்கி. பின்னால் இருப்பவருக்கு ஒரே சட்டம்: கண்ணில் பட்டது எதையும் சொல்லாமல் விடக் கூடாது. மாடு படுத்திருந்தால் மாடு, கொடியில் சேலை காய்ந்தால் சேலை. அவர் "பின்னால கிளியர்" என்று சொல்லாமல் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டார்.

இன்னொரு சட்டமும் உண்டு. லோடு இறங்கும்வரை டிரைவரும் பின் ஸ்டியரிங்காரரும் வண்டியை விட்டு நகரக் கூடாது.

2. மழையில் பொழுது

மேற்கே மலை இருந்த இடத்தில் மலை இல்லை. செண்பகத்தோப்புப் பக்கமிருந்து மேகம் இறங்கி வந்து, தென்னை மட்டைகளில் உட்கார்ந்து, அங்கேயே குடியேறிவிட்டது. பகல் என்பது கொஞ்சம் வெளுத்த சாயங்காலம்.

எங்களிடம் இருந்த பொழுதுபோக்குகள் இவை. ஒரு சீட்டுக்கட்டு, அதில் இரண்டு ராணிகள் இல்லை. ஒரு பென் டிரைவ்; நாற்பது பாட்டு என்று வாங்கியது, முப்பத்தெட்டு தடவை ஒரே பாட்டு. ஒரு கிலோ பால்கோவா. முதல் நாள் ருசித்தது, இரண்டாம் நாள் சாப்பாடானது, மூன்றாம் நாள் எங்களைப் பார்த்தது, நாங்கள் அதைப் பார்த்தோம். சிக்னல் தென்னை மரத்துக்கு மேலே எங்கேயோ இருந்தது.

பிளேடுக்கு அடியில் நனையாமல் நிற்கலாம் என்பதை முதலில் கண்டுபிடித்தவை ஆடுகள். அவற்றைத் தேடி வந்த அம்மா ஒருவர் பிளேடைத் தட்டிப் பார்த்தார்.

"ஏய்யா, இதுக்குள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. வெறும் காத்துதான்" என்றார் சுடலைமுத்து.

"காத்தையா இம்புட்டு தூரம் ஏத்திட்டு வாரீய? எங்கூர்ல இல்லாத காத்தா?"



3. ஒத்திகை

சுடலைமுத்துவுக்கு மட்டும் சலிப்பு இல்லை, பயம்தான் இருந்தது. அவர் மகளுக்கு ராஜபாளையத்தில் ஒரு மாப்பிள்ளை அமைந்திருந்தார். லோடை இறக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவர் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதாக ஏற்பாடு. இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. 'பொண்ணோட அப்பாவைக் கண்ணால பாக்கவே முடியலையே, அப்படி ஒருத்தர் இருக்காரா' என்று இரண்டாவது வீட்டில் கேட்டேவிட்டார்கள். இப்போது வீடு நாலு கிலோமீட்டரில் இருக்கிறது, இவரால் இறங்கிப் போக முடியாது.

வெள்ளிக்கிழமை சிக்னல் எட்டிப் பார்த்த நேரத்தில், தயங்கித் தயங்கிப் போன் செய்து வர முடியாததைச் சொன்னார். அந்தப் பக்கம், "நீங்க வர முடியாட்டி என்ன, நாங்க வாரோம்" என்று வைத்துவிட்டார்கள்.

அதிலிருந்து ஆரம்பித்தது விளையாட்டு. முன் கேபினில் சுடலைமுத்து பெண்ணின் அப்பா. அறுபது மீட்டருக்கு அப்பால், வால் கூண்டில், குருசாமி மாப்பிள்ளையின் அப்பா. நடுவில் மழை. எல்லாம் வாக்கி டாக்கியில்.

"பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா?"

"தெரியுங்க. நர்ஸ் வேலைக்கும் போறா."

"நீங்க வருசத்துல எத்தன நாள் வீட்ல இருப்பீய?"

"நாப்பது நாள் இருப்பேன்."

"உங்க வண்டி ரிவர்ஸ் போவுமா?"

"ஏலே குருசாமி, அதை எவன்லே கேப்பான்?"

"குருசாமி யாரு? நான் சம்பந்தி. மரியாதையாப் பேசும்."

சிரிக்கத்தான் ஆரம்பித்தோம். குருசாமி சிரிக்கவில்லை. ஆடுகளை எண்ணி அலுத்த மனிதனுக்கு ஒரு வேஷம் கிடைத்துவிட்டது. இரண்டு நாளில் நூறு கேள்வி கேட்டிருப்பான். சனிக்கிழமை, "மகளைப் பத்திச் சொல்லும்" என்றான்.  சுடலைமுத்துவின் குரல் வந்தது. "நான் வளக்கலைங்க. நான் ரோட்ல இருந்தேன். அவளா வளந்துட்டா." பட்டனை அழுத்தியிருந்த விரலை எடுக்க மறந்துவிட்டார். அழுதது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

4. ஞாயிறு

பத்து மணிக்கு வருகிறோம் என்றவர்கள் ஒன்பதுக்கே வந்துவிட்டார்கள். பைக்கில் இரண்டே பேர். ஓட்டி வந்தவர் மாப்பிள்ளை. பேண்டேஜ் துணி கம்பெனியில் சூப்பர்வைசர். பின்னால் குடையோடு அவர் அப்பா செல்லையா. முப்பது வருடம் ஸ்பின்னிங் மில்லில் நின்றவர். மெஷின் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. கடைசி ஐந்து வருடம் மில் கேட்டில் செக்யூரிட்டி.

டிரெய்லர் கேபினில் அவரால் ஏற முடியாது. பிளேடுக்கு அடியில் நிறுத்தியிருந்த என் ஜீப்பில் உட்கார வைத்தோம். சுடலைமுத்து வேட்டியில் வெளியே நின்றார். இரண்டு நாள் ஒத்திகை பார்த்ததில் ஒரு வரி கூட இப்போது அவர் வாயில் வரவில்லை. "பிளேடு அறுபது மீட்டருங்க" என்றார். செல்லையா தலையாட்டினார். அடுத்து, "காத்துதாங்க உள்ள" என்றார் சுடலைமுத்து. அதற்கும் தலையாட்டினார். மாப்பிள்ளை பிளேடைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்த வாக்கி டாக்கி டேஷ்போர்டில் முணுமுணுத்தது. செல்லையா அதை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார். பழைய கேட் பழக்கம் என்று நினைத்து விட்டுவிட்டோம். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஒரு தடவை குனிந்து தன் குடையைப் பார்த்தார். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

குருசாமி வழக்கம்போல வேடிக்கை பார்க்க யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கண்ணில் பட்டதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். பெரியவர் குடையில் ஏழு ஓட்டை. சுடலையண்ணன் வேட்டி கட்டவில்லை, வேட்டிதான் அவரைக் கட்டியிருக்கிறது. 'பைலட்டண்ணே, இவியளைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரவிய வார நேரம். அவளா வளந்துட்டான்னு சொல்லி மனுசன் நேத்து அழுதாரு. இந்த இடமும் தட்டிப் போச்சுன்னா இனி வண்டியே எடுக்க மாட்டேங்காரு.'

செல்லையா குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினார். பட்டனை அழுத்தினார்.

"நான் மாப்பிள்ளையோட அப்பா பேசுதேன்."

எதிர்முனையில் குருசாமி ஒரு நொடி கூடத் தயங்கவில்லை.

"யாரு அது? மாப்பிள்ளையோட அப்பா நான்."

 நான் வாக்கி டாக்கியை வாங்கப் போனால் செல்லையா கையை விலக்கிக்கொண்டார்.

"இல்லங்க. நான்தான்."

"சுடலையண்ணே, குரல மாத்தாதீய. நீங்க பொண்ணோட அப்பா. ரெண்டு நாளாச் சொல்லிக் குடுத்தும் மாத்திப் பேசுனா நாளைக்கு எவன் பொண்ணு எடுப்பான்?"

சுடலைமுத்து ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மூன்றாவது இடமும் போயிற்று என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. 

"சரிங்க, நீங்களே மாப்பிள்ளைக்கு அப்பாவா இருங்க" என்றார் செல்லையா. "எல்லாம் விசாரிச்சுட்டீய. உங்களுக்குச் சம்மதமா?"

குருசாமி யோசித்தான். வேஷத்தோடுதான் யோசித்தான், ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"நூறு கேள்வி கேட்டேன். ஒண்ணுல கூட மனுசன் பொய் சொல்லல. வருசத்துல நாப்பது நாள்தான் வீட்ல இருப்பேன்னு சம்பந்திகிட்ட எவன் சொல்லுவான்? எனக்குச் சம்மதம்."

செல்லையா வாக்கி டாக்கியை டேஷ்போர்டில் வைத்தார்.

"அவரே சொல்லிட்டாரு. பொறவு நான் கேக்க என்ன இருக்கு?" பிறகு சுடலைமுத்துவைப் பார்த்து, "அந்தாளு யாரு, உங்களுக்குச் சொந்தமா?" என்றார்.

"பின் ஸ்டியரிங்குங்க" என்றார் சுடலைமுத்து. அன்று அவர் சொன்னதிலேயே தெளிவான வாக்கியம் அதுதான்.

5. கிளியர்

திங்கள் மதியம் இன்ஜினியர் பாலத்தைத் திறந்தார். மலை பழைய இடத்துக்கு வந்திருந்தது. ஆடுகள் வருத்தத்தோடு கலைந்தன. பேசியது நிஜச் சம்பந்தியோடு என்று தெரிந்ததிலிருந்து குருசாமி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கூண்டில் ஏறி, இடப்பக்கம் தென்னை, வலப்பக்கம் ஒரு அம்மா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, கடைசியில் "பின்னால கிளியர்" என்றான். சுடலைமுத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு வரிசையில் செல்லையா பக்கத்தில் குருசாமிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். புது ஆட்களிடம் நான் இரண்டு விஷயம் சொல்வதுண்டு. உன் வாக்கி டாக்கி யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள். பின்னால் இருப்பவனிடம் பொய் சொல்லாதே. வண்டி நகர்வது அவன் வாயில் இருக்கிறது.