வைகாசியில் பனிச்சறுக்கு

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் நானும் என் மனைவியும் பகலில் தனியாகப் பேசிக்கொண்டது மாட்டுக்கொட்டகையில்தான். பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமம். பதினோரு பேர் இருந்த வீடு. அறைக்கதவைச் சாத்தினால் போச்சு. "இன்னாத்துக்குக் கதவு சாத்திக்கீது?" என்று அம்மா வெளியிலிருந்து கேட்பாள்.

ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள், பழவேற்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் சிநேகிதர் பாய் கொடுத்த சீமைப் பத்திரிகையில் அவள் ஒரு ஓட்டல் விளம்பரம் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று சுவிட்சர்லாந்து மலை. காலில் நீளப் பலகை கட்டிப் பனியில் சறுக்கும் ஒரு ஆண், ஒரு பெண்.

"ஏங்க, இவங்ககூட வேற யாருமே இல்ல பாருங்க. நாமளும் ஒரு தபா இப்டிப் போவணும். பத்து நாள் போதும்."

அதுவரை அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. தலையை அடகு வைத்தாவது போய்விடுவது என்று முடிவு கட்டினேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

பாய் சிக்கன வழி சொன்னார். "கப்பல்ல மேல்தட்டுல படுத்துக்கினு போனா டப்பு கம்மிபா. அரிசி, ஊறுகா எட்த்துக்கோ. அங்க நாஷ்டா வாங்கித் துன்னா பேஜாரு." சறுக்குப் பலகையை வாடகைக்கு எடுப்பானேன், நம்ம ஆசாரி எதற்கு இருக்கிறார் என்று நானும் சேர்த்துக்கொண்டேன்.

சறுக்கிப் பழக வேண்டுமே. நடவுக்கு முன் சேற்றைச் சமமாக்க, மாடு பூட்டிப் பரம்புப் பலகை இழுப்போம். அதன்மேல் ஆள் ஏறி நிற்பது வழக்கம். நான் கயிற்றை விட்டுவிட்டு, படத்தில் பார்த்தபடி இரண்டு கையிலும் கழி பிடித்து, முட்டியை மடக்கி நின்றேன். மாடுகள் மிரண்டு ஓடின. சேற்றில் குப்புற விழுந்தேன். வரப்பில் கூழ்ப்பானையோடு நின்ற அம்மா, "புள்ளைக்குக் காத்து கருப்பு அண்டிக்கீது" என்று அன்றைக்கே வேப்பிலை அடிக்க வைத்தாள். உண்மையைச் சொல்ல முடியுமா? வாயைப் பொத்திக்கொண்டு அடி வாங்கினேன்.

தையில் அறுப்பு, மாசியில் போரடிப்பு. கழனிக்காரன் ஊரைவிட்டுக் கிளம்பத் தோதான மாதம் வைகாசிதான். அப்போது வருகிறோம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்த ஓட்டலுக்கு எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கொட்டகையில் வைத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன்: 'நீங்கள் சொல்லும் மாதத்தில் பனி இருக்காது. மலையெல்லாம் புல் முளைத்து மாடுகள் மேயும்.'

மாடு மேய்வதைப் பார்க்கவா கடல் தாண்டுவது? எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அவள் முகம் மட்டும் வாடவே இல்லை.

"மேயட்டுமே. உங்கம்மா அங்க இருக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"அப்ப போலாம்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் வறட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"நான் இல்லாம அம்மாந்தூரம் எப்டிப் போவீங்க? வைகாசில எனக்கும் வேலை இல்ல. மூணு பேருக்கு எவ்ளோ அரிசி வோணும்?"

மறுநாளே பாயிடம் போய், பயணம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மனைவிதான் சொல்லச் சொன்னாள்.